அந்தப் படிவத்தில் கையெழுத்திடலாமா?

 

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மாலை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, புத்தகப் பையிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்து நீட்டி, "அத்தா, இதில் ஒரு கையெழுத்து வேண்டும்" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுற்றுலாவுக்கான தாள் அன்று. கட்டணம் கேட்கும் தாளும் அன்று. பாடத்திட்டத்தில் இல்லாத, மதிப்பெண் எதுவும் தராத, சனிக்கிழமை முற்பகலையும் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளையும் எடுத்துக்கொள்ளும் ஒரு வகுப்பில் சேர்வதற்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கும் தாள். பிள்ளை தானாக ஒரு கேள்வியைத் தேர்ந்து, அதற்கு விடை தேடி ஆய்வு செய்யும் வகுப்பு. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரிஷிவந்தியத்தில் எங்கள் மதரஸாவின் திண்ணைக்கு அப்படியொரு தாளுடன் ஒரு தகப்பனாரும் தாயாரும் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்தார்கள். தகப்பனார் சுற்றுவட்டாரச் சந்தைகளில் துணி விரித்து விற்பவர். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் கணிதப் பிரிவு. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். "ஹஜரத், நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம், சேரட்டும் என்றால் சேரட்டும்" என்று தாளை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார் தகப்பனார்.

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. சங்கடத்துக்கு இரண்டு காரணங்கள். நான் படித்தது வரலாறு. விஞ்ஞானத்தில் என் கையிருப்பு மிகச் சொற்பம். இரண்டாவது காரணத்தை அவர்களிடம் உடனே சொல்லவில்லை. உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அந்தப் பெண் எங்கள் மாலை மக்தபில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுப்பவள். அந்த இரண்டு மாலைகளும் எங்களுடைய மாலைகள். ஆக, தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்டவன் வழக்கில் ஒரு கட்சிக்காரனாகவும் இருந்தேன்.

இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, இந்த வகுப்பு என்ன, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் புறப்பட்டேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் சொந்தமாக ஆய்வு செய்வதற்கு ஏற்பட்ட மிகப் பெரிய வாசல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993ஆம் ஆண்டு முதல் இது தேசிய அளவில் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. நம் மாநிலத்தில் இதைக் கிராமங்கள் வரை கொண்டுசென்றது, 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரின் துணையுடன், தங்கள் ஊரிலேயே உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆராய்வார்கள். நீர், மண், உணவு, கழிவு, வானிலை என்று எதுவாகவும் இருக்கலாம். சில மாதங்கள் அளந்து, குறித்து, கட்டுரையாக எழுதி, மாவட்டத்தில் படிப்பார்கள். தேர்வு பெற்றால் மாநிலம், அதன்பின் தேசம்.

பொருட்காட்சி வேறு, இது வேறு. பொருட்காட்சியில் எரிமலையைச் செய்து புகை கக்க வைக்கலாம், கைதட்டலும் கிடைக்கும். அந்த எரிமலையிலிருந்து யாரும் புதிதாக ஒன்றை அறிந்துகொள்வதில்லை. இங்கே கேட்கப்படுவது, "உனக்குத் தெரியாத எதை நீயே கண்டறிந்தாய்?" என்பது.

தமிழக அரசு 28 நவம்பர் 2022 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் செய்முறைகளைக் காட்டுவதற்காக ஏற்பட்ட திட்டம் அது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் பொதுத் தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. அப்போது பிள்ளைகளை ஆய்வுக்கு அழைப்பது அந்தந்தப் பள்ளியில் இருக்கும் ஓர் ஆசிரியரின் சொந்த ஆர்வத்தைப் பொறுத்ததாகி விடுகிறது. எங்கள் ஊரில் அப்படி அழைத்தவர் ஒரு வேதியியல் ஆசிரியை. "மாநாட்டுக்குத் தேர்வானாலும் ஆகாவிட்டாலும், தொடங்கியதை மார்ச் மாதத்துக்குள் முடிப்போம்" என்பதே அவர் பிள்ளைகளிடம் சொன்ன ஒரே வாக்குறுதி. எனக்கு அவர்மீது மதிப்பு ஏற்பட்டது அந்த வாக்கியத்தால்தான்.

தாயாரின் கணக்கு

தாயார் கேட்ட கேள்வி நேரானது. "இதில் சேர்ந்தால் மார்க்கு கூடுமா?"

கூடாது. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். மேல்நிலைத் தேர்வில் ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். விஞ்ஞானப் பாடம் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். மருத்துவத்துக்கு நீட் தேர்வு. இந்தக் கூட்டல்களில் எதிலும், பிள்ளை ஊர்க்கிணறுகளைச் சுற்றி வந்து எழுதிய கட்டுரைக்கு இடமில்லை. அரசுப் பள்ளியிலேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் கிடைத்துவரும் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இந்தப் பெண்ணுக்கும் உண்டு. ஆனால் அந்த வாசலில் நிற்பதற்கும் மதிப்பெண்தான் சீட்டு.

ஒரு செய்தி மட்டும் அவருக்குச் சற்று ஆறுதல் அளித்தது. 2018 முதல் நடந்துவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பிள்ளைக்கு ஓராண்டு மூச்சு விட வாய்த்திருக்கிறது. அதே வேளையில், நீட் தேர்வின் பாடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுத் தேர்வு இல்லை என்பதற்காக அந்த ஆண்டின் பாடத்தையே அலட்சியம் செய்யும் பிள்ளைக்கு, ஆய்வு வகுப்பு ஒரு சாக்காகிவிடும்.

அப்படியானால் மதிப்பெண் தராத ஒன்றுக்கு ஏன் இத்தனை மாலைப் பொழுதுகளைக் கொடுக்க வேண்டும்? இதற்கு விடை சொல்ல, என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நானும் மேல்நிலையில் விஞ்ஞானப் பிரிவு மாணவன்தான். தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு 9.2 என்று வந்தது. புத்தகத்தில் 9.8. மறுபடி ஆட்டிப் பார்க்க நேரமில்லை. அடுத்த அணி காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன், முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் பதிவேட்டை நீட்டினான். அதிலிருந்த நேரங்களை இங்கொன்று அங்கொன்றாக மாற்றி எழுதினேன். விடை 9.79 என்று அழகாக வந்தது. சிவப்பு மையில் கையொப்பமும் கிடைத்தது. அந்த வகுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் 9.7க்கும் 9.8க்கும் நடுவேதான் விடை வந்திருந்தது என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் கொக்கி வரை மட்டும் அளந்திருந்தேன் என்பது, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நண்பர் விளக்கியபோதுதான் புரிந்தது. அந்த 9.2 என் பிழையைக் காட்டிக்கொடுக்க வந்த எண். அதை அழித்துவிட்டு, கற்றிருக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

மதரஸாவில் ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி சங்கிலியாக விசாரிக்கும் கலையை இன்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். ஒருவர் ஒரே ஒரு முறை பொய் சொன்னது தெரிந்தாலும் அவர் வழியாக வந்ததை ஒதுக்கிவைத்த பெரியோர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பதிவேட்டின் சிவப்புக் கையொப்பம் என் கண்முன் வந்துபோகும்.

ஒத்துவராத எண்

சர் சி. வி. இராமனைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். 1888இல் திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை ஒளியைக் கொண்டு அளக்கும் வழக்கமான சோதனையைச் செய்தார். அப்போது விளிம்பில் தோன்றிய ஒளிக்கோடுகள் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாமல் ஏறுமாறாக இருப்பதைக் கண்டார். கேட்கப்பட்டது கோணம் மட்டுமே. கோடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த தத்துவ ஆய்விதழில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 18.

அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் இப்னு அல்ஹைதம். கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் சொல்லிவந்த காலம் அது. அவர் இருட்டறையின் ஒரு துளைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளிகள் துளையில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை, நேர்கோட்டில் தனித்தனியே செல்கின்றன என்பதை எவரும் செய்து பார்க்கக்கூடிய முறையில் காட்டினார். தாலமியைப் போன்ற மேதையின் கூற்றுகளில் தமக்கு எழுந்த ஐயங்களைத் தனி நூலாகவே எழுதிவைத்தார். நம் மேடைகளில் இவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவரைப் போல ஒரு விளக்கை மறைத்துப் பார்க்க நம் வீட்டுப் பிள்ளை சனிக்கிழமை காலையில் நேரம் கேட்டால், "டியூஷனுக்குப் போ" என்கிறோம்.

கிணறுகளின் கேள்வி

அந்தப் பெண்ணை அழைத்து, "எதை ஆராயப் போகிறாய் அம்மா?" என்று கேட்டேன். இதற்குச் சொல்லும் பதிலில் பாதித் தீர்ப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். ஆசிரியர் கொடுத்த தலைப்பை ஒப்பிக்கும் பிள்ளைக்கும், தன் கேள்வியைச் சொல்லும் பிள்ளைக்கும் முகத்திலேயே வேறுபாடு தெரியும்.

அவள் சொன்னாள்: "எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது ஹஜரத். அம்மா நன்னி வீட்டிலிருந்து ஒரு குடம் வாங்கி வந்துதான் உலை வைக்கிறார்கள். நன்னி வீடு நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?"

நம் பகுதியின் நிலத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கே கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளில் இறங்கி வருகிறது. ஆனால் ஊருக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்று மணலில் ஊறுவதைப் போல நீர் எங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும்தான் தங்கி நிற்கிறது. ஒரு கிணற்றுக்கு நீர் கொடுக்கும் வெடிப்பு அடுத்த கிணற்றுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே நான்கு தெருவில் நான்கு சுவை இருப்பது வியப்பன்று. நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து நுரைக்கு மாறாகத் திரையாக மிதக்கின்றன. பருப்பின் தோலையும் இளகவிடாமல் இறுக்குகின்றன. கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகின்றன. எங்கள் பள்ளிவாசல் ஹவுளின் குழாய்களில் படிந்திருக்கும் வெள்ளைக் காறையை மோதினார் மாதம் ஒருமுறை கத்தியால் சுரண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று கேட்கத் தோன்றியதில்லை.

அவளும் பக்கத்துத் தெருத் தோழி ஒருத்தியும் சேர்ந்து பத்துக் கிணறுகளை அளப்பதாகத் திட்டம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. கருவிகள் மிக எளியவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மானி ஒன்று. ஒரே அளவு நீர், ஒரே அளவு சோப்புக் கரைசல், மூடிய புட்டி, இருபது குலுக்கு, பிறகு நுரையின் உயரத்தை அளக்க ஓர் அளவுகோல். ஒரே நாளில் வாங்கிய துவரம்பருப்பை ஒரே அடுப்பில் வேகவைத்துக் கணக்கிடும் நேரம்.

ஆசிரியை ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தார். அந்த மானி நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே அளந்து, அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் கணித்துக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. ஆனால் ஃபுளூரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கேடு. நைட்ரேட்டுக்கு எல்லை 45. கரும்புத் தோட்டத்து யூரியா இறங்கிய கிணற்றில், மானி நல்ல எண்ணைக் காட்டும்போதே நைட்ரேட் எல்லை மீறியிருக்கக்கூடும். "ஆகவே 'குடிக்கலாம்', 'குடிக்கக் கூடாது' என்ற சொற்களை உங்கள் கட்டுரையில் நான் பார்க்கக் கூடாது. அளந்ததை மட்டும் எழுதுங்கள்" என்றாராம். தன் கருவிக்கு எது தெரியாது என்பதைப் பதினாறு வயதில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்பை அப்படியே நம்பாது என்று நான் எண்ணுகிறேன்.

எப்போது மறுக்க வேண்டும்?

இவ்வளவும் சொன்னதால், எல்லாப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துவிடுங்கள் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். மறுக்க வேண்டிய இடங்களும் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் முதன்முறையாகத் தொடங்குவதாக இருந்தால் நான் தயங்குவேன். பிள்ளைக்கு விருப்பமில்லாமல், சான்றிதழுக்காகப் பெற்றோர் தள்ளிவிடுவதாக இருந்தால் கூடவே கூடாது. நகரங்களில் பிள்ளைகளின் ஆய்வுகளைக் காசுக்குச் செய்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வழிகாட்டி ஆசிரியரே முழுவதையும் எழுதி, பிள்ளைக்கு மனப்பாடம் செய்விப்பதும் நடக்கிறது. என் ஊசல் பதிவேட்டில் நான்கு எண்கள்தான் பொய். இங்கே முழுக் கட்டுரையும் பொய். அப்படிப் பெற்ற பரிசைக் கூடத்தில் மாட்டிவைத்து, அதன் கீழே உட்கார்ந்து பிள்ளைக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தலைப்பே பிள்ளையின் கைக்கு மீறியதாகவும் அமையலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா? அந்தத் துயரத்தின் சூட்டில், நல்ல சாராயத்தையும் நச்சுச் சாராயத்தையும் பிரித்தறியும் முறையைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று இரண்டு மாணவர்கள் கிளம்பினார்களாம். கேள்வி உயர்ந்தது, அது எழுந்த இடமும் உண்மையானது. ஆனால் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் அதைக் கையாளக் கூடாது. ஆசிரியை மறுத்துவிட்டார். இப்படி மறுக்கத் தெரிந்த ஆசிரியரா என்பதையும் பெற்றோர் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளையின் பயணத்தைப் பற்றித் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. மாவட்ட மாநாட்டுக்குப் போக வேண்டுமானால் யார் உடன் வருவார், எங்கே தங்குவது, மக்ரிபுக்கு முன் திரும்ப முடியுமா என்பதையெல்லாம் ஆசிரியையிடம் நேரில் கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். கள்ளக்குறிச்சி வரை தாயாரும் உடன் செல்லலாம் என்று முடிவாயிற்று. கேட்காமலேயே "வேண்டாம்" என்பதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது.

பக்கத்துத் திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற பள்ளிச் சிறுமி, தெருவில் கரி போட்டு இஸ்திரி தேய்ப்பவரைப் பார்த்துச் சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தாள். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் நின்று பேசினாள். நம் சமுதாயப் பிள்ளையான கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக், தோழர்களுடன் சேர்ந்து உருவாக்கிய 64 கிராம் எடையுள்ள 'கலாம்சாட்', 22 ஜூன் 2017 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து ராக்கெட்டில் பறந்தது. (அது பூமியைச் சுற்றிவரும் பயணமன்று, மேலே சென்று திரும்பும் பயணம். நம் இதழ்கள் பல இதைச் சொல்லாமல் விட்டுவிட்டன. சொல்லியிருந்தாலும் அந்த இளைஞரின் பெருமை குறைந்திருக்காது.) இவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால், "நீயும் இப்படி ஆக வேண்டும்" என்று கணக்குக் கேட்காதீர்கள். பத்துக் கிணறுகளையும் அளந்துவிட்டு, "வித்தியாசம் எதுவும் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதினாலும் அதுவும் ஆய்வுதான். அந்த முடிவை ஏற்கும் மனம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை, கையெழுத்திடுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு

மூன்றாம் நாள் தகப்பனாரை அழைத்து, "சேரட்டும் தம்பி" என்றேன். என் பங்கையும் சொன்னேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நானே பார்த்துக்கொள்வது. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் வெகுவாகச் சரிந்தால் மறுபடி உட்கார்ந்து பேசுவது. தாயார் முழு மனத்துடன் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். "பருப்பு ஏன் வேகவில்லை என்று தெரிந்தால் எனக்கும் நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார். அலிஃபுக்கும் லாமுக்கும் வேறுபாடு தெரியாத பதினெட்டுக் குழந்தைகளை அவள் எப்படித்தான் சமாளித்தாளோ, எனக்கு இரண்டு வாரங்களில் தொண்டை கட்டிவிட்டது.

பத்துக் கிணறுகளில் ஒன்று எங்கள் பள்ளிவாசல் கிணறு. அதைச் சேர்த்துக்கொள்ள ஜமாஅத்தில் ஒப்புதல் பெறுவது எளிதாக இல்லை. "நாளைக்குப் பள்ளிவாசல் தண்ணீர் கெட்டது என்று தாளில் எழுதிவிட்டால்?" என்றார் ஒரு பெரியவர். "குழாயில் காறை படிவது ஊருக்கே தெரியும், எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியாது" என்று முத்தவல்லி முடித்துவைத்தார். வேறொரு வீட்டில் தண்ணீர் கொடுக்கவே மறுத்துவிட்டார்கள். அதையும் அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிக்கொண்டாளாம்.

மழைக்கு முன் ஒருமுறை அளந்தார்கள். நவம்பர் இறுதியில், மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை காலை, மறுபடி வந்தார்கள். மழை நீர் சேர்ந்தால் உப்பு குறையும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. பெரும்பாலான கிணறுகளில் குறைந்தும் இருந்தது. பள்ளிவாசல் கிணற்றில் மட்டும் கூடியிருந்தது.

மானியைக் கழுவித் துடைத்து மறுபடி வைத்தார்கள். அதே எண். புட்டியை மாற்றி மூன்றாம் முறை. அதே எண். தோழி சொன்னாள், "எங்கேயோ தவறு. மற்றதைப் போலவே குறைத்துப் போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?" நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சு படபடத்தது, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும். வாய் திறக்கக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

அவள் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பக்கத்தில் நேரத்தைக் குறித்தாள். பின்னர் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அளந்தபோது நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, இதில் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடுங்கள் ஹஜரத்" என்றாள். போட்டேன்.

மண்ணின் மேலடுக்கில் தங்கியிருந்த உப்பை மழை கரைத்துக் கீழே இறக்கியதால் சில கிணறுகளில் இப்படி நேர்வதுண்டு என்றும், அதுதான் இங்கேயும் காரணம் என்று அளக்காமல் எழுதக் கூடாது என்றும் ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால் மார்ச் வரை வாரம் ஒருமுறை அந்தக் கிணற்றை மட்டும் தனியே அளப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். ஹவுளுக்கு மோட்டார் போடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் மோதினார் நாள்தோறும் எழுதிவைப்பாரா என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு பழைய நாட்குறிப்பேட்டைத் தேடி எடுத்து, பேனாவைக் கயிற்றில் கட்டி மோட்டார் அறையின் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.